மறு: மாஸ்டரிங்குக்கு என்ன சொல்?

பாளையங்கோட்டையிலிருந்து:

வணக்கம் அண்ணாச்சி, நம்ம பயிற்சிக் குறிப்புக்கு இசைப்பதிவுச் சொற்கள் தேடுகிறோமே, தனித்தனித் தடங்களைக் கலப்பது மிக்ஸிங், கலந்து முடித்த பாட்டைக் கடைசியாகத் திருத்துவது மாஸ்டரிங். அதற்கு நீங்கள் எழுதியது:

> மிக்ஸிங்குக்கு ஒலிக்கலவை, மாஸ்டரிங்குக்கு முதன்மையாக்கம். இதோடு முடித்துக்கொள்ளலாமே?

முதல் பாதியில் எனக்குத் தகராறு இல்லை. ஒலிக்கலவை சினிமா டைட்டிலில் பல வருடமாக வருகிற சொல். கலவை, கலவையாளர், 'இன்னும் கலந்து முடிக்கல' என்று எப்படி வேண்டுமானாலும் வளைகிறது. முதன்மையாக்கம் அப்படி இல்லை. எதை முதன்மையாக்குகிறோம்? கேட்டால் பதில் சொல்ல முடியவில்லை.

மாஸ்டர் என்ற பெயர் இசைத்தட்டுக் காலத்தில் வந்தது. அரக்குப் பூச்சுள்ள தட்டில் பாட்டை வரிப்பள்ளமாக வெட்டி, அதன்மேல் உலோகம் படியவைத்து அச்சு எடுப்பார்கள். அந்த அச்சில்தான் கடைக்குப் போகும் தட்டுகள் அழுந்தி வரும். முதலில் வெட்டிய தட்டுதான் மாஸ்டர். பேஸ், அதாவது அடித்தொனி, கூடிப்போனால் பள்ளம் அகலும், ஊசி துள்ளும். அதனால் வெட்டுகிறவரே ஒலியைத் திருத்த வேண்டியிருந்தது. இன்றைக்குத் தட்டு பெரும்பாலும் போய்விட்டது, திருத்துகிற வேலை மட்டும் மிஞ்சியது. பெயர் வைப்பதென்றால் அந்த வேலைக்கு வைப்போம்.

வேலை என்ன என்பதை நம்ம ஊர்ப் பையன்கள் செய்கிற இசையிலிருந்தே சொல்கிறேன். கோயில் கொடை விழாவில் வில்லுப்பாட்டைப் பதிவு செய்து, அதன் குடத்தையும் உடுக்கையையும் துண்டு துண்டாக வெட்டி, எல்.எம்.எம்.எஸ். என்ற இசை மென்பொருளில் எலக்ட்ரானிக் தாளத்தோடு கோத்த ஒரு பாட்டு இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு தடத்தையும் தனித்தனி வேவ் கோப்பாக ஏற்றுமதி செய்து ஆர்டர் (Ardour) என்ற ஒலிப்பதிவு மென்பொருளுக்குள் கொண்டு வருகிறார்கள். குடத்தின் 'தொம்'மும் கிக் டிரம்மும் ஒரே அடித்தொனியில் மோதுகின்றன. தொனிகளைத் தனித்தனியாகக் கூட்டிக் குறைக்கிற ஈக்யூவில் ஒன்றைச் செதுக்கி மற்றதற்கு வழிவிட வேண்டும். உடுக்கையைக் கொஞ்சம் இடப்பக்கம் தள்ள வேண்டும். இதெல்லாம் கலவை. தடங்கள் தனித்தனியாகக் கையில் இருக்கிறவரைதான் இது நடக்கும்.

அப்புறம் இடம் வலம் என்று இரண்டே சானலாகச் சுருக்கியதும் குடத்தை மட்டும் தொட வழி கிடையாது. அடித்தொனியைக் குறைத்தால் கிக்கும் சேர்ந்து குறையும். அந்த ஒற்றைக் கோப்பை வைத்துக்கொண்டு செய்கிறதுதான் நாம் பெயர் தேடுகிற வேலை: மொத்தமாக ஒரு மெல்லிய ஈக்யூ, கொஞ்சம் அமுக்கம் (கம்ப்ரஷன்), கடைசியில் சத்தம் எல்லை தாண்டாமல் தடுக்கிற லிமிட்டர். ஐந்து பாட்டு ஒரு தொகுப்பாகப் போகிறதென்றால் ஒன்று முணுமுணுத்து அடுத்தது கத்தாமல் எல்லாவற்றின் உரப்பையும், அதாவது காதுக்குப் படுகிற சத்தத்தையும், ஒன்றுக்கொன்று ஒப்பாகக் கொண்டு வருவது. நல்ல ஹெட்ஃபோனிலும் கேட்கணும், கொடைக்கு ரேடியோ செட்டுக்காரர் பனைமரத்தில் கட்டுகிற குழாயிலும் கேட்கணும். குழாயில் அடித்தொனி அநேகமாக வராது. பாட்டின் உயிர் முழுக்கக் குடத்தில் இருந்தால் அங்கே வெறும் தகரச் சத்தம்தான் மிஞ்சும்.

உரப்புக்கு அளவும் வந்துவிட்டது. 2006இல் ஐ.டி.யு. என்ற சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியம் அளக்கும் முறையை வகுத்தது. 2010இல் ஐரோப்பிய ஒலிபரப்பு ஒன்றியம் ஒலிபரப்புக்கு மைனஸ் 23 எல்.யு.எஃப்.எஸ். (உரப்பின் அலகு, பூஜ்யத்தை நெருங்க நெருங்கச் சத்தம் கூடும்) என்று இலக்கு வைத்தது. ஸ்பாட்டிஃபை வழக்கமான அமைப்பில் மைனஸ் 14க்கு இறக்கித்தான் ஒலிக்கவிடுகிறது. ஆகவே லிமிட்டரில் நசுக்கி மைனஸ் 7க்கு ஏற்றி அனுப்புகிறவனுக்குச் சத்தமும் கூடுவதில்லை, அடியின் கூர்மையும் போய்விடுகிறது. (இதை எத்தனை பேரிடம் சொன்னாலும் கேட்பதில்லை, அது வேறு விஷயம்.) ஆர்டரில் ஏற்றுமதி செய்யும்போதே இந்த அளவைக் காட்டிவிடும்.

இனி சொற்கள். தென்காசி நண்பர் 'பதம்' என்றார். அல்வா ஊர்க்காரர்களுக்கு இனிக்கத்தான் செய்யும். ஆனால் கர்நாடக இசையிலும் பரதத்திலும் பதம் ஏற்கெனவே ஓர் உருப்படியின் பெயர். 'பதத்துக்குப் பதம் பார்த்தேன்' என்று எழுதவா? 'செப்பனிடல்' என்றால் பஞ்சாயத்து ரோடுதான் ஞாபகம் வருகிறது. கெட்டுப்போனதைச் சரிசெய்கிற தொனியும் அதில் இருக்கிறது.

என் பரிந்துரை ஒலியொப்பம். ஒப்பமிடுதல் என்றால் மணியைத் தீட்டி மெருகிடுவது, மேடுபள்ளம் இல்லாமல் செய்வது. ஒப்பு என்பதில் ஒன்றோடொன்று பார்த்துச் சமன் செய்கிற பொருளும் இருக்கிறது. மெருகிடுவது, சமன் செய்வது என்று மாஸ்டரிங்கில் வருகிற வேலை இரண்டும் இதற்குள் அடங்கும். ஒப்பமிடு, ஒப்பமிட்ட கோப்பு, ஒலியொப்பர் என்று விரியும்.

அம்பாசமுத்திரத்திலிருந்து:

தம்பி, ஒப்பமிட்டார் என்றால் பேப்பரில் கையெழுத்துப் போட்டார் என்றுதானே அர்த்தம்? 'பாட்டுக்கு ஒப்பமிட்டாச்சு' என்று என் மாணவியிடம் சொன்னால் காப்புரிமைப் பத்திரத்தில் போட்டது என்று நினைத்துக்கொள்வாள். ஒலியொப்பர் வேண்டவே வேண்டாம், வாயில் நுழையவில்லை. ஒலியொப்பம் செய்தவர் என்றே இருக்கட்டும்.

இன்னொன்று. 'அமுக்கம்' என்று போகிறபோக்கில் எழுதிவிட்டாய். அதை விட்டுவிடாதே, நல்ல சொல். கம்ப்ரஸருக்கு 'சுருக்கி' என்று போட்டால் எம்பி3 ஆக்குவதோடு குழம்பிப் போகிறார்கள். இது கோப்பைச் சுருக்குவதில்லை, ஏறின இடத்தை அமுக்குகிறது. அமுக்கி என்றே வைக்கலாம்.

பாளையங்கோட்டையிலிருந்து:

அக்கா, ஒலியொப்பரை எடுத்துவிட்டேன். கையெழுத்துப் பொருளைப் பற்றி: வினையாக வருகிற இடத்தில் 'ஒலியொப்பம் செய்' என்று முழுசாக எழுதினால் குழப்பம் வராது. வெறும் 'ஒப்பமிடு' வேண்டாம். அமுக்கி எனக்கும் சம்மதம்.

நெறியாளர், திருநெல்வேலி நகரம்:

சரி, பயிற்சிக் குறிப்பின் முதல் பதிப்பில் ஒலிக்கலவை, ஒலியொப்பம், அமுக்கி, உரப்பு நான்கும் போகும். உரப்பு பள்ளி இயற்பியல் புத்தகத்தில் இருப்பதுதான், யாரும் மறுக்க மாட்டார்கள். ஒலியொப்பம் முதலில் வருகிற இடத்தில் 'மாஸ்டரிங் என்று சொல்வது' என ஒரு வரி சேர்க்கிறேன். ஈக்யூ, லிமிட்டர், எதிரொலி சேர்க்கிற ரிவெர்ப் மூன்றும் இப்போதைக்கு அப்படியே இருக்கட்டும். பையன்கள் வாயில் பழகிவிட்டது.

முதன்மையாக்கம் சொன்னது நான்தான் வே, இருந்தாலும் வருத்தமில்லை.

அடுத்தது டிதர். ஒலிக்கோப்பின் நுணுக்கத்தை 24 பிட்டிலிருந்து 16 பிட்டுக்கு இறக்கும்போது வேண்டுமென்றே தூவுகிற மெல்லிய இரைச்சல். 'தூவிரைச்சல்' என்று ஒருவர் தனியே எழுதியிருக்கிறார். ஞாயிற்றுக்கிழமைக்குள் கருத்து சொல்லுங்கள்.