மௌனப்பட நகைச்சுவை: ஆள்மாறாட்டமா, ஆள்மயக்கமா?

> கணவனும் மனைவியும் ஒருவரையொருவர் வேறு ஆளாக நினைத்துக்கொள்ளும் மௌனப்படங்களை நம் திரைப்படச் சொற்பட்டியலில் 'ஆள்மாறாட்ட நகைச்சுவை' என்றே சொல்லிவிடலாமே? வழக்கில் இருக்கும் சொல்தானே?

வழக்கில் இருப்பதுதான் சிக்கல். தேர்வறையில் இன்னொருவர் பெயரில் உட்கார்ந்து எழுதி மாட்டிக்கொள்பவர் பற்றிய செய்திக்குப் பழகிப்போன சொல் அது. தெரிந்தே செய்கிற ஏமாற்று அதற்குள் இருக்கிறது.

சார்லி சேஸ் நடித்து லியோ மெக்கேரி இயக்கிய 'மைட்டி லைக் எ மூஸ்' (1926) படத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஹால் ரோச் தயாரித்த இருசுருள் படம், அதாவது இரண்டு ஃபிலிம் சுருளில் அடங்கும் குறும்படம். கணவனுக்குத் துருத்திய பல். மனைவிக்கு, அதாவது விவியன் ஓக்லண்டுக்கு, பெரிய மூக்கு. ஒருவருக்கொருவர் சொல்லாமலே போய்ச் சரிசெய்துகொள்கிறார்கள். வெளியே வந்து சந்தித்தால் ஆள் தெரியவில்லை, சரசம் தொடங்கிவிடுகிறது. வீட்டில் இருப்பவருக்குத் துரோகம் செய்கிறோம் என்றுதான் இருவருமே நினைக்கிறார்கள். ஆனால் எதிரே நிற்பவர் யார் என்பதில் இருவரும் ஏமாளிகள்.

பிற்பாதியில் கணவனுக்கு உண்மை தெரிந்துவிடுகிறது. அப்புறம் பழைய பல்லை மாட்டிக்கொண்டு கணவனாகவும், கழற்றிவிட்டுக் காதலனாகவும் மாறிமாறித் தோன்றித் தன்னோடு தானே சண்டை போடுகிறான். இதுதான் அசல் ஆள்மாறாட்டம். இரண்டு பாதிக்கும் ஒரே சொல்லைப் போட்டால் படத்தின் திருப்பமே கட்டுரையில் காணாமல் போகும்.

முற்பாதிக்கு 'ஆள்மயக்கம்' என்று முன்மொழிகிறேன். ஒன்று இன்னொன்றோடு கலந்து மாறிவருவதைத் திணைமயக்கம், உருபுமயக்கம் என்று இலக்கணத்தில் சொல்லி ஏற்கெனவே பழகியதுதான்.

> மயக்கம் என்றால் தலைசுற்றல் என்றுதான் இன்றைய வாசகர் நினைப்பார். சந்தேகமும் தவறான புரிதலும் இல்லாமல் என்பதை 'ஐயந்திரிபற' என்கிறோமே, அந்தத் திரிபை எடுத்து 'ஆள்திரிபு' என்றால் என்ன?

துல்லியம் அதில் கூடுதல்தான். இவள் நம் மனைவியோ என்று அவனுக்குச் சந்தேகம்கூட வரவில்லை. வேறு பெண் என்றே உறுதியாக நம்புகிறான். ஐயமில்லை, திரிபு மட்டும்தான். ஆனால் 'ஆள்திரிபு' காதில் விழுந்தால் உருமாறிப்போன மனிதன் என்றல்லவா தோன்றுகிறது? மயக்கத்துக்கு அந்த ஆபத்து இல்லை. திணைமயக்கம் படித்துத் தலைசுற்றி விழுந்த மாணவரை நான் பார்த்ததில்லை.

'அடையாளக் குழப்பம்' என்று முன்பு ஒருவர் சொன்னார். அது 'நான் யார்' என்று தன்னையே கேட்டுக்கொள்பவரின் சிக்கலுக்குப் போய்விட்டது, விட்டுவிடலாம்.

எல்லாத் திருமணக் குளறுபடியையும் இதற்குள் அடைக்கவும் வேண்டாம். அதே கூட்டணியின் 'ஹிஸ் வுடன் வெட்டிங்' (1925) படத்தில், மணப்பெண்ணுக்கு மரக்கால் என்று வந்த சீட்டை நம்பி மாப்பிள்ளை கல்யாணத்தையே உதறுகிறான். ஆள் சரியான ஆள்தான், தகவல்தான் பொய்.

ஆக, சொற்பட்டியலில் இரண்டு பதிவு: தெரியாமல் நேர்வது ஆள்மயக்கம், தெரிந்தே செய்வது ஆள்மாறாட்டம்.