புதுப்பிப்பு: பென் லோமண்ட் போய் வந்தாச்சு

ஏப்ரல் நடுவில் ஸ்காட்லாந்தின் பென் லோமண்ட் மலையில் ஏறக் காலணியில் மாட்டும் பனி முட்கள் தேவைப்படுமா என்று போன மாதம் கேட்டிருந்தேன். "எதற்கும் கொண்டு போ" என்றீர்கள் பலர். நான் கொண்டு போகவில்லை. திட்டுவதானால் இப்போதே திட்டிவிடுங்கள்.

மலையடிவாரத்தில் உள்ள ரோவர்டெனனில் காலை எட்டரைக்குக் கிளம்பினேன். கீழே சட்டைக்கு மேல் ஒன்றும் வேண்டாத வெயில், வழியோரம் ஆட்டுக்குட்டிகள். சுமார் 700 மீட்டருக்கு மேல் காற்று ஆளையே தள்ளியது. கையுறை, தொப்பி, எல்லாம் வெளியே வந்தன. பாதையில் பனி அங்கங்கே திட்டுத்திட்டாகத்தான். 974 மீட்டர் உச்சியிலிருந்து லோமண்ட் ஏரி, அதன் தீவுகள், வடக்கே இன்னும் வெளுத்திருந்த மலைகள் எல்லாம் தெரிந்தன. பத்து நிமிடம்தான். அப்புறம் மேகம் மூடிவிட்டது.

டார்மிகன் முகடு என்ற இன்னொரு பாதை வழியாக இறங்குவதாகவும் போன மாதம் சொல்லியிருந்தேன். அங்கேதான் சிக்கல். அந்தப் பக்கம் செங்குத்து, வடமேற்கு நிழல். பாறைப் படிகளில் பனி கண்ணாடி மாதிரி இறுகிக் கிடந்தது. நாலு அடி வைத்தேன், ஐந்தாவது வழுக்கியது. சரி, போதும் என்று வந்த வழியே திரும்பிவிட்டேன். மூன்றரை மணிக்கெல்லாம் கீழே சூப் குடித்துக்கொண்டிருந்தேன்.

முட்கள் இன்று வாங்கியாயிற்று.