ஜாவாஸ்கிரிப்ட்டில் சதவீதக் கணக்கு: பைசா எங்கே போகிறது?

வணக்கம் நண்பர்களே, கடை பில் போட ஜாவாஸ்கிரிப்ட்டில் (வலைப்பக்கங்களை இயக்கும் நிரல்மொழி) ஒரு சின்ன வலைப்பக்கம் எழுதுகிறேன். விலையையும் வரி சதவீதத்தையும் தட்டினால் மொத்தம் வர வேண்டும், அவ்வளவுதான். இன்புட் பெட்டி எண்ணைத் தராது, ஸ்ட்ரிங்கைத்தான் (எழுத்துகளின் வரிசை) தரும், அதனால் 1000-உடன் வரி 180-ஐக் கூட்டினால் 1000180 என்று ஒட்டிக்கொண்டு வரும் என்பது தெரியும். நம்பர் என்ற ஃபங்ஷனைப் போட்டு எண்ணாக மாற்றியாயிற்று. சிக்கல் அதற்கப்புறம்தான்.

விலை 20.10, வரி 5 சதவீதம் என்றால் வரி 1.005. இரண்டு தசம இடத்துக்குச் சுருக்கும் டூஃபிக்ஸ்டு(2) போட்டால் 1.01 வராமல் 1.00 வருகிறது. 1.005-ஐ பைனரியில் (கணினியின் 0, 1 முறை) அப்படியே வைக்க முடியாமல் ஒரு மயிரிழை குறைத்து வைத்திருக்கிறது, அதுதான் காரணம். எல்லாவற்றையும் பைசாவாக்கி மேத்.ரவுண்ட் (முழு எண்ணாக்குவது) போட்டால் 101 பைசா சரியாக வருகிறது. ஆனால் ஒவ்வொரு பொருளுக்கும் ரவுண்ட் செய்வதா, கடைசி மொத்தத்துக்கு மட்டுமா? இரண்டுக்கும் விடை வேறு வேறு, நீங்கள் எப்படிச் செய்கிறீர்கள்?

இன்னொன்று, டெக்ஸ்ட் பெட்டியில் 1,250 என்று கமா போட்டு அடித்தால் நம்பர் ஃபங்ஷன் நேன் (எண் அல்ல) என்கிறது, எண்ணாக மாற்றும் இன்னொரு ஃபங்ஷனான பார்ஸ்ஃப்ளோட்டோ சத்தமில்லாமல் 1 என்று எடுத்துக்கொள்கிறது (இதுதான் ஆபத்து). கமாவை நானே நீக்கிவிட்டுக் கணக்குப் போடலாமா, இல்லை தப்பு என்று காட்டி நிறுத்திவிடலாமா? லைப்ரரி (பிறர் எழுதி வைத்த நிரல் தொகுப்பு) எதுவும் வேண்டாம், வெறும் ஸ்கிரிப்ட் போதும்.