‘நான்-ரிட்டர்ன் வால்வு’க்குத் தமிழில் என்ன சொல்லலாம்?

மொழிபெயர்ப்பாளர், திருச்சி:

குழுவினருக்கு வணக்கம். குழாய்ப்பணி படிக்கும் ஐ.டி.ஐ. மாணவர்களுக்கான கையேடு ஒன்றைத் தமிழாக்குகிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போக வேண்டும். தண்ணீர் வந்த வழியே திரும்பாமல் தடுக்கும் வால்வுகளைத் தேர்ந்தெடுக்கும் பாடத்தில் நிற்கிறேன். நான்-ரிட்டர்ன் வால்வு (சுருக்கமாக என்.ஆர்.வி.), செக் வால்வு, பேக்ஃப்ளோ பிரிவென்டர் என்று மூன்று சொற்கள் வருகின்றன. முதல் இரண்டும் ஒன்றுதான். எல்லாவற்றுக்கும் ‘எதிரோட்டத் தடுப்பி’ என்று போட்டுவிடலாமா என்று பதிப்பாளர் கேட்கிறார். எனக்கு மனம் ஒப்பவில்லை. உதவுங்கள்.

ஓய்வுபெற்ற தமிழாசிரியர், தஞ்சாவூர்:

எதிரோட்டம் வேண்டாம். இரண்டு ஓட்டங்கள் எதிரெதிராகப் போவதற்கும் அந்தச் சொல் வேண்டியிருக்கும். ‘பின்னோட்டம்’ என்றால் இணையத்தில் பின்னூட்டத்தோடு குழம்பும். ‘மீளா வால்வு’ என்று சிலர் எழுதுகிறார்கள். மீளாதது நீரா, வால்வா? பெயரெச்சம் வால்வைத்தான் போய்ப் பிடிக்கிறது. போதாததற்கு, இரங்கல் செய்திகளில் ‘மீளாத் துயில்’ என்று படித்துப் படித்து அந்தச் சொல்லே துக்க வாடை அடிக்கிறது.

நம்மிடம் ‘மறி’ இருக்கிறதே! மறிதல் என்றால் திரும்புதல். மறித்தல் என்றால் தடுத்தல். மறிதிரை என்றால் மடங்கித் திரும்பும் அலை. வழிமறித்தல் எல்லோருக்கும் தெரியும். திரும்புவதும் அதைத் தடுப்பதும் ஒரே வேரில் கிடக்க, வேறு எங்கே தேட வேண்டும்? வால்வின் தட்டை இதழாக்கி ‘மறிப்பிதழ்’ என்று வையுங்கள். நீர் மறியும், இதழ் மறிக்கும்.

பம்பு வடிவமைப்புப் பொறியாளர், கோவை:

ஐயா சொல்வது அழகாக இருக்கிறது. ஆனால் பெயருக்கு முன்னால் பொருளைப் பார்ப்போம்.

கிணற்றுக்குள் உறிஞ்சு குழாயின் நுனியில் வடிகட்டியோடு இருப்பது ஃபுட் வால்வு. அது கசிந்தால் காலையில் மோட்டார் போட்டதும் தண்ணீர் ஏறாது, குடத்தில் மொண்டு ஊற்ற வேண்டும். பம்புக்கு மேலே ஏறும் குழாயில் இருப்பதைத்தான் என்.ஆர்.வி. என்கிறோம். அதில் கதவு போல ஆடும் ஸ்விங் வகைக்கு அழுத்த இழப்பு குறைவு. ஆனால் மோட்டார் நின்றபின், தண்ணீர் திரும்பத் தொடங்கித்தான் அது அறைந்து மூடும். நீண்ட இரும்புக் குழாயில் நொடிக்கு 1 மீட்டர் வேகத்தில் திரும்பும் நீர் சட்டென்று நின்றால், அழுத்தம் சுமார் 12 பார், அதாவது காற்றழுத்தத்தைப் போல 12 மடங்கு, எகிறும். அடுக்குமாடிக்கு ஏற்றும் லைனில் அதனால்தான் ஸ்பிரிங் வகை கேட்கிறோம். ஓட்டம் தளரும்போதே அது மூடத் தொடங்கிவிடும். கழிவுநீருக்கு ஸ்பிரிங் ஆகாது, துணியும் நாரும் சிக்கும். பந்து வகை நல்லது. ஸ்விங்கைச் செங்குத்தாக மாட்டினால் ஓட்டம் மேல்நோக்கி இருக்க வேண்டும். குழாயின் அளவை மட்டும் பார்த்து வால்வு வாங்கவும் கூடாது. ஓட்டம் குறைவாக இருந்தால் தட்டு முழுதாகத் திறக்காமல் படபடத்தே தேய்ந்துபோகும்.

பேக்ஃப்ளோ பிரிவென்டர் குடிப்பவரைக் காப்பாற்ற வந்தது. 1933இல் சிகாகோவில் உலகக் கண்காட்சி நடந்தபோது, விடுதிகளில் குடிநீரோடு கழிவுநீர் கலந்து, அமீபா வயிற்றுக்கடுப்பு பரவி 98 பேர் இறந்தார்கள். அந்தப் பாடத்துக்குப் பிறகு வலுப்பட்ட பாதுகாப்பு இது. ஆபத்து அதிகமான இடத்தில் போடும் வகையில் இரண்டு செக் வால்வுகள், நடுவே அழுத்தம் குறைந்த ஓர் அறை, அந்த அறைக்கு ஒரு வடிகால் வால்வு உண்டு. உள்ளே இதழ் கெட்டால் அழுக்குநீர் வெளியே கொட்டும், குடிநீர்ப் பக்கம் போகாது. சோதித்துப் பார்க்கவும் திறப்புகள் வைத்திருப்பார்கள். சாதாரண என்.ஆர்.வி.யில் ஒரு மணல் ஒட்டினால் போதும், கசியும். கசிவது யாருக்கும் தெரியாது. இரண்டுக்கும் ஒரே சொல் போட்டால், மாணவன் என்.ஆர்.வி.யைக் குடிநீர் இணைப்பில் மாட்டிவிட்டு எல்லாம் பத்திரம் என்று நம்பிவிடுவான். எந்தச் சொல்லை வேண்டுமானாலும் எடுங்கள், இரண்டு சொற்களாக எடுங்கள்.

ஆசிரியை, யாழ்ப்பாணம்:

ஐயாவின் ‘மறி’யில் எங்களுக்கு ஒரு சிக்கல். இலங்கையில் மறியல் என்றால் சிறை. நீதிமன்றக் காவலைக் குறிக்கும் விளக்கமறியல் தினமும் செய்தியில் வரும் சொல். பிள்ளைகள் முதலில் அதைத்தான் நினைப்பார்கள். இதழ் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். தமிழ்நாட்டில் ஈரிதழ், மூவிதழ் என்று இதய வால்வுகளைச் சொல்கிறீர்கள். எங்கள் உயிரியலில் இருகூர், முக்கூர் வால்வு. நாளத்து வால்வுகளைக் கொண்டுதான் குருதி ஒரே திசையில் ஓடுகிறது என்று 1628இல் ஹார்வி காட்டினார். உடலுக்குள் இருப்பதும் குழாய்க்குள் இருப்பதும் ஒரே வேலையைச் செய்யும்போது ‘ஒருவழி வால்வு’ என்றால் இரண்டுக்கும் பொருந்தும்.

ஐ.டி.ஐ. பயிற்றுநர், மதுரை:

நான் தினமும் இந்தப் பிள்ளைகளோடு நிற்கிறேன். ஹார்டுவேர் கடையில் போய் ‘மறிப்பிதழ் கொடுங்கள்’ என்றால் கடைக்காரர் என்ன எடுத்துத் தருவார்? பையனின் பிழைப்பு கடையில் புழங்கும் சொல்லில் இருக்கிறது. என்.ஆர்.வி. என்றே எழுதுங்கள். வால்வின் உடம்பில் அம்புக்குறி எந்தப் பக்கம் இருக்கிறது, அதை ஓட்டத்தின் திசையில் மாட்டினோமா என்பதை நல்ல தமிழில் விளக்குங்கள். அப்புறம், கையேட்டில் காற்று இடைவெளி பற்றி இருக்கிறதா? வால்வே வேண்டாத பாதுகாப்பு அது. தொட்டி விளிம்புக்கு மேலே குழாய் விட்டத்தைப் போல இரு மடங்கு உயரத்தில் குழாய்வாய் இருந்தால், லைன் வெறுமையாகி உறிஞ்சினாலும் தொட்டித் தண்ணீர் திரும்பாது. நம் ஊர்களில் தெருக் குழாயில் மாட்டிய ஹோஸ் தொட்டிக்குள் முங்கிக் கிடக்கிறது, பக்கத்து வீட்டில் லைனிலேயே மோட்டார் போட்டு இழுக்கிறார்கள். அதற்கு இரண்டு பக்கம் ஒதுக்குங்கள்.

தமிழாசிரியர், தஞ்சாவூர்:

கடைக்காரரை வைத்துச் சொல் செய்தால் கடைசியில் சொல்லே மிஞ்சாது. பேருந்து என்பதையும் ஒரு காலத்தில் யாரும் கேட்டிருக்கவில்லை. குறளில் ‘வாழ்நாள் வழியடைக்கும் கல்’ என்று வருகிறது. நாள் தவறாமல் செய்யும் அறம், திரும்பத் திரும்பப் பிறக்கும் வழியை அடைக்கும் கல்லாகும் என்பது பரிமேலழகர் காட்டும் பொருள். திரும்பி வரும் வழியை அடைக்கும் பொருளுக்கு இதைவிடத் துல்லியமான படிமம் எந்த மொழியில் உண்டு? மறி சிறையை நினைவூட்டினால் ‘வழியடைப்பி’ எடுங்கள். மண்வெட்டி, பாக்குவெட்டி போல இகர விகுதி கருவிக்கு இயல்பாக நிற்கும்.

வால்வு என்றே எழுதுவதானால், தயவுசெய்து ‘வால்வ்’ என்று முடிக்காதீர்கள். வகரத்தில் முடியும் சொல் நான்கே என்கிறது தொல்காப்பியம்: அவ், இவ், உவ், தெவ். ஐந்தாவதை நாம் சேர்க்க வேண்டாம்.

பொறியாளர், கோவை:

வழியடைப்பி ஆகாது, ஐயா. ஓட்டத்தை நாமே திறந்து மூடும் கேட் வால்வையும் அது குறிக்கும், குழாய் முனையை மூடும் எண்ட் கேப்பையும் குறிக்கும். இந்த வால்வு வழியைத் திறந்தும் வைக்கிறது என்பதுதான் முக்கியம்.

மொழிபெயர்ப்பாளர், திருச்சி:

அனைவருக்கும் நன்றி. தனி மடலில் எழுதியவர்களையும் சேர்த்துப் பார்த்தால் ‘ஒருவழி வால்வு’க்குத்தான் ஆதரவு கூடுதல். நான்-ரிட்டர்ன், செக் இரண்டுக்கும் அதையே போடுகிறேன். ஒவ்வொரு பாடத்திலும் முதல் முறை வரும்போது ‘ஒருவழி வால்வு என்னும் என்.ஆர்.வி.’ என்று இருக்கும். பேக்ஃப்ளோ பிரிவென்டருக்கு ‘குடிநீர்க் காப்புத் தொகுதி’. நீளம்தான், ஆனால் எதற்காக மாட்டுகிறோம் என்பது பெயரிலேயே இருக்கிறது. ஃபுட் வால்வைத் தொடவில்லை. காற்று இடைவெளிக்கு இரண்டு பக்கம் கேட்டிருக்கிறேன், ஒன்றரை கிடைக்கும் போலிருக்கிறது.

பயிற்றுநர், மதுரை:

சரி. அட்டவணையில் என்.ஆர்.வி. அகர வரிசைப்படி தனியாகவும் வரட்டும். பையன்கள் அதைத்தான் தேடுவார்கள்.

தமிழாசிரியர், தஞ்சாவூர்:

ஒருவழி என்பது திசையைச் சொல்கிறது, செயலைச் சொல்லவில்லை. இருவழிச் சாலையில் ஒரு பக்கத்தை மூடினாலும் அது ஒருவழிதான். தொகுதி என்ற சொல்லும் தேர்தலுக்குப் போய்விட்டது. மறிப்பிதழைக் கைவிட எனக்குக் காரணம் போதவில்லை. சொல்லடைவின் அடிக்குறிப்பிலாவது மாற்றுச்சொல்லாகக் கொடுங்கள். அடுத்த பதிப்பின்போது மறுபடியும் எழுதுகிறேன்.