தயிர் சாதம் தவிர வேற எதையும் தொட மாட்டேங்கிறான், என்ன பண்றது?

குட்டிப்பையன்அம்மா:
பையனுக்கு ரெண்டேகால் வயசு. ஒரு வயசு வரைக்கும் கீரை, பருப்பு, பூசணிக்கான்னு எத மசிச்சு குடுத்தாலும் வாயத் தொறந்து வாங்கிப்பான், இப்ப என்னடான்னா இட்லி, சக்கரை தொட்டு தோசை, தயிர் சாதம், இவ்ளோதான். அந்த தயிர் சாதத்துலயும் ஒரு கடுகு கண்ணுல பட்டா போதும், அத விரல்ல எடுத்து என் கையில வச்சாதான் அடுத்த வாய். நேத்து ஒரு பீன்ஸ் துண்ட சாதத்துக்குள்ள மறைச்சு ஊட்டினேன், கண்டுபிடிச்சு மொத்தத்தையும் துப்பிட்டான், இப்ப தயிர் சாதத்தையே கிளறிக் கிளறி பாக்கறான். போன காட்டி ஊட்டுங்கறாங்க அத்தை, பட்டினி போட்டா தானா வருவான்ங்கறார் இவர். ரெண்டுக்கும் மனசு ஒப்பல. எடை 11 கிலோ 800, டாக்டர் நார்மல்னுட்டாங்க.

ரெட்டவால்:
மறைச்சு மட்டும் வைக்காதீங்க சிஸ், எனக்கு அதுல பட்ட அனுபவம் இருக்கு, தோசை மாவுல பீட்ரூட் கலந்து ஒரு மாசம் தோசையே வேணாம்னுட்டா என் பொண்ணு. அப்புறம்தான் வழிக்கு வந்தேன், தட்டுல அவளுக்கு புடிச்சது பாதி, ஓரத்துல நாங்க சாப்பிடற பொரியல் ஒரே ஒரு ஸ்பூன், அவ்ளோதான். சாப்பிடுன்னு சொல்றதில்ல, சாப்பிட்டா ஆஹா ஓஹோன்னு கைதட்டறதும் இல்ல. பீன்ஸ் நார் உரிக்கும்போது பக்கத்துல உக்கார வச்சு டக்குனு ஒடிக்க விடுவேன், அந்த சத்தத்துக்காகவே ஒரு கட்டு காலி. ஒருநாள் பச்சையாவே கடிச்சா. ஏழெட்டு வாரம் ஆச்சு, பொய் சொல்லல.

வார்டுநர்ஸ்:
குழந்தைங்க வார்டுல வேலை பாக்கறேன். ஒரு வயசுல எல்லாம் தின்ன குழந்தை ரெண்டு வயசுல முகம் திருப்பறது ரொம்ப சாதாரணம்மா, நடக்க ஆரம்பிச்சதும் தெரியாதத வாயில வைக்க யோசிக்கும், கசப்பு புளிப்பு இருந்தா இன்னும் ஜாஸ்தி. புதுசு ஒண்ணு பழக 8ல இருந்து 15 தடவை வரைக்கும் ருசி பாக்க வேண்டியிருக்கலாம், நாமதான் மூணாவது தடவையே இவனுக்கு புடிக்காதுன்னு முடிவு கட்டிடறோம். நக்கிட்டு துப்பினாலும் அது ஒரு தடவைதான். எலின் சாட்டர்னு ஒரு அமெரிக்க டயட்டீஷியன் சொன்ன கணக்கு எனக்கு புடிக்கும், என்ன, எப்ப, எங்கன்றது அப்பா அம்மா பொறுப்பு, சாப்பிடறதா வேணாமா, எவ்ளோன்றது குழந்தை பொறுப்பு. அதனால பட்டினியும் வேணாம், போனும் வேணாம், போன பாத்துட்டு முழுங்கற குழந்தைக்கு வயிறு ரொம்பினதே தெரியாது.

ஒண்ணு கேக்கணும், பால் எவ்ளோ குடிக்கிறான்? நாளைக்கு அரை லிட்டருக்கு மேல போனா பசியே எடுக்காது, இரும்புச்சத்தும் குறையும். எடை இறங்கினாலோ, கெட்டியா எத குடுத்தாலும் ஓங்கரிச்சாலோ, சாப்பிட்டுட்டு இருந்ததும் ஒண்ணொண்ணா குறைஞ்சுட்டே போனாலோ வெயிட் பண்ணாம டாக்டர்கிட்ட காட்டுங்க. அப்புறம் புதுசா குடுக்கறோம்னு முழு வேர்க்கடலை குடுத்துடாதீங்க, தொண்டையில மாட்டும், திராட்சைய நீளவாக்குல நாலா வெட்டிக் குடுங்க.

ரெண்டுபேர்அப்பா:
வீட்டுக்காரர் என்ன சாப்பிடறார்னும் பாருங்க. நான் பாகற்காய ஒதுக்கி வச்சத பாத்துதான் என் பையனும் ஒதுக்கினான், வீட்ல வாங்கின திட்டு எனக்குத்தான் தெரியும். இப்ப எல்லாரும் ஒண்ணா தரையில உக்காந்து சாப்பிடறோம், அவன் என் தட்டுல இருந்து எடுத்து திம்பான், அதே ஐட்டம் அவன் தட்டுல இருந்தா தொட மாட்டான், என்ன லாஜிக்கோ.

குட்டிப்பையன்அம்மா:
நர்ஸ்மா, நீங்க கேட்டப்புறம்தான் கணக்கு போட்டேன், காலைல ஒரு பாட்டில், மத்யானம் தூங்க ஒண்ணு, ராத்திரி ஒண்ணு, எல்லாமே 250 மில்லி. அத்தை நடுவுல குடுக்கற டம்ளர் தனி. இதுல எங்க பசிக்கும் அவனுக்கு! மத்யான பாட்டில முதல்ல நிறுத்தப் போறேன். ராத்திரி பாட்டில்தான் பெரிய பாடு, அதுக்கு தனியா ஒரு கேள்வி போடறேன், எல்லாரும் வாங்க.