20 லிட்டர் தொட்டியில் நீர் சீராக ஒளிரவில்லை: உதவி தேவை

காரைக்குடிக்கு அருகே எங்கள் வீட்டு வளவில், தெருப் பிள்ளைகளுக்காகப் புற ஊதா ஒளியில் ஒளிரும் நீரைச் செய்து காட்ட மூன்று வாரங்களாக முயன்று வருகிறேன். தம்ளரில் அழகாக ஒளிரும் நீர், 20 லிட்டர் கண்ணாடித் தொட்டியில் மங்கிவிடுகிறது. கையிலிருப்பது 395 நானோமீட்டர் அலைநீளமுள்ள புற ஊதா ஒளி தரும் எல்இடி டார்ச்.

முதலில் டானிக் வாட்டர் என்னும் கசப்பான சோடா பானத்தை ஆழ்குழாய் நீரில் கலந்தேன். அதிலுள்ள குயினைன் என்னும் கசப்புப் பொருள் 350 நானோமீட்டரை ஒட்டிய ஒளியையே நன்கு உறிஞ்சி நீலமாக ஒளிரும் என்பதால், இந்த டார்ச்சுக்கு அது அவ்வளவாகப் பொருந்தாது; போதாக்குறைக்கு எங்கள் நீர் உப்பு நீர். ஒரு தம்ளர் டானிக் வாட்டரில் சிட்டிகை உப்பைப் போட்டுப் பார்த்தபோது, உப்பு கரையக் கரைய அந்த நீலம் வடிந்து போனதைக் கண்ணால் கண்டேன். உப்பிலுள்ள குளோரைடு குயினைனின் ஒளிர்வைத் தணித்துவிடும். ஆகவே வளவில் அண்டா வைத்துப் பிடித்த மழைநீருக்கு மாறினேன். அதில் கலந்து பார்த்த மஞ்சள்தூள் நீரில் கரையாமல் அடியில் படிந்தது.

மஞ்சள் ஹைலைட்டர் பேனாவின் திரியை ஊறவைத்த நீர்தான் நம்பிக்கை தந்தது. இரண்டு பேனாக்களின் மைக்குத் தொட்டி முழுவதும் வெளிறிய பச்சையாகத் தெரிந்தது. ஐந்து பேனாக்களாக்கியதும், டார்ச் படும் பக்கத்தில் நான்கு விரல் அகலத்துக்குப் பளீரென்று ஒளிர்ந்து, அதற்கப்பால் இருண்டுவிட்டது. மை அடர்ந்தால் ஒளி முன்பகுதியிலேயே உறிஞ்சப்பட்டுவிடும் என்பது புரிகிறது. ஆனால், குறைத்தால் வெளிச்சம் போதவில்லை.

இதே டார்ச்சைக் கொண்டு, 20 லிட்டர் மழைநீர் முழுவதும் சீராக ஒளிர, எந்தச் சாயத்தை எவ்வளவு கலக்க வேண்டும்?