விஎம்முக்குள் வைஃபை டாங்கிள் நிற்கவில்லை, அவசரம்

கெடிலக்கரை (வெள்ளி, இரவு 9:40)
லேப்டாப்பில் வைஃபை நன்றாக ஓடுகிறது. விஎம்முக்குள் (லேப்டாப்புக்குள் ஓடும் போலிக் கணினி, விர்ச்சுவல் மெஷின்) போனால் வயர் கனெக்‌ஷன் மட்டும்தான் காட்டுகிறது, வைஃபை என்ற பேச்சே இல்லை. இதற்காகவே பாண்டி நேரு வீதியில் ஒரு யுஎஸ்பி டாங்கிள் (போர்ட்டில் குத்தும் வைஃபை கருவி) வாங்கி வந்து, விஎம்மே அதை நேரடியாக எடுத்துக்கொள்ளும்படி பாஸ்த்ரூ கொடுத்தேன். கொஞ்ச நேரம் இருக்கிறது, அப்புறம் காணோம். திங்கட்கிழமை நெட்வொர்க் லேப், ரெக்கார்டில் கையெழுத்து வாங்கியாக வேண்டும். தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

லாஸ்பேட்டை நிலா (9:52)
எந்த விஎம்? ஹோஸ்ட் (லேப்டாப்பின் சொந்த இயங்குதளம்) எது, கெஸ்ட் (விஎம்முக்குள் ஓடுவது) எது? டாங்கிளில் என்ன சிப்? லேபில் என்ன செய்யச் சொல்லியிருக்கிறார்கள்? வெறும் இன்டர்நெட் போதும் என்றால் டாங்கிளே தேவையில்லை.

பழைய கர்னல் (10:05)
தம்பி, பாஸ்த்ரூ என்றால் என்னவென்று முதலில் படித்துவிட்டு வர வேண்டும். இதே கேள்விக்கு எத்தனை முறைதான் எழுதுவது. பயாஸில் (கணினி தொடங்கும்போது வரும் அடிப்படை அமைப்பு) விடி-டி ஆன் செய், சாதனங்களை விஎம்முக்கு நேரடியாகக் கொடுக்க இன்டெல் வைத்திருக்கும் வசதி அது. ஏஎம்டி என்றால் அதற்குப் பெயர் ஐஓஎம்எம்யு. கர்னல் (இயங்குதளத்தின் மையப் பகுதி) தொடங்கும் வரியில் அதை இயக்கி, உள்ளே இருக்கும் வைஃபை கார்டை, சாதனத்தை விஎம்முக்குக் கைமாற்றும் விஎஃப்ஐஓ டிரைவரிடம் ஒப்படை. ஒரே ஐஓஎம்எம்யு குழுவில் வேறு சாதனம் இருந்தால் அதையும் சேர்த்துத்தான் விஎம்முக்குக் கொடுக்க வேண்டும், தனியாகப் பிரிக்க முடியாது. இதையெல்லாம் பார்க்காமல் டாங்கிள் வாங்கியது வீண் செலவு.

வைத்திக்குப்பம் (10:21)
நான் சொல்வதையும் கேளுங்கள். நம் பக்கம் உப்புக் காற்று. என் வீட்டில் இரண்டு டாங்கிள் இப்படித்தான் போனது. பிடுங்கி வெளிச்சத்தில் பார்த்தால் நாலு பின்னில் ஓரப் பின் மட்டும் பச்சை பூத்திருந்தது. ஐபிஏ (ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால்) தொட்ட பஞ்சால் துடைத்ததும் சரியானது. டாங்கிள் புதிதாக இருக்கலாம், லேப்டாப் போர்ட் பழையதுதானே?

கெடிலக்கரை (10:30)
விர்ச்சுவல்பாக்ஸ். உபுண்டு லினக்ஸ். பின்னெல்லாம் பளபளவென்றுதான் இருக்கிறது அண்ணா.

லாஸ்பேட்டை நிலா (10:33)
உபுண்டு ஹோஸ்டா, கெஸ்டா?

கெடிலக்கரை (10:41)
கெஸ்ட். 24.04. ஹோஸ்ட் விண்டோஸ் 11. விர்ச்சுவல்பாக்ஸ் 7.0. சுற்றி இருக்கும் ரௌட்டர்கள் தங்கள் இருப்பை அறிவித்து அனுப்பும் பீக்கன் ஃபிரேம்களை வயர்ஷார்க்கில் (நெட்வொர்க் பாக்கெட்டுகளைக் காட்டும் மென்பொருள்) பிடித்துக் காட்டச் சொன்னார்கள்.

லாஸ்பேட்டை நிலா (10:58)
இதை முதலிலேயே சொல்லியிருந்தால் பாதி வேலை முடிந்திருக்கும் தம்பி. விஎஃப்ஐஓ லினக்ஸ் ஹோஸ்டில் மட்டும்தான், விண்டோஸில் கிடையாது. விர்ச்சுவல்பாக்ஸில் லினக்ஸ் ஹோஸ்டுக்கென்று பிசிஐ பாஸ்த்ரூ (உள்ளே பொருத்திய கார்டை விஎம்முக்குக் கொடுப்பது) ஒரு காலத்தில் இருந்தது, 6.1-இல் அதையும் எடுத்துவிட்டார்கள். ஆகவே பயாஸ் பக்கம் போகாதீர்கள்.

உள்ளே வயர் மட்டும் தெரிவதில் கோளாறு எதுவும் இல்லை. ஹோஸ்டில் வைஃபையே இருந்தாலும் விர்ச்சுவல்பாக்ஸ் கெஸ்டுக்குக் காட்டுவது இன்டெல் ப்ரோ/1000 மாதிரி ஒரு போலி ஈதர்நெட் கார்டைத்தான். அதில் பீக்கன் ஃபிரேம் வராது. உங்கள் வேலைக்கு டாங்கிள்தான் சரி, வீண் செலவு இல்லை.

தேவனாம்பட்டினம் (11:04)
விர்ச்சுவல்பாக்ஸின் எக்ஸ்டென்ஷன் பேக் (கூடுதல் தொகுப்பு) போட்டீர்களா? அது இல்லாமல் யுஎஸ்பி 2, 3 ஓடாது.

லாஸ்பேட்டை நிலா (11:07)
7.0-இலிருந்து அது தேவையில்லை, அடிப்படைத் தொகுப்பிலேயே வந்துவிட்டது.

பழைய கர்னல் (11:15)
விண்டோஸ் ஹோஸ்ட் என்று சொல்லாமல் கேட்டால் நான் எப்படிக் கண்டுபிடிப்பது? பிரிட்ஜ் (விஎம்மை வீட்டு நெட்வொர்க்கில் தனிக் கணினி போல இணைப்பது) போட்டுப் பார்க்கலாம் என்றாலும் வைஃபை மேல் பிரிட்ஜ் வேலை செய்யாது. ரௌட்டருக்கு லேப்டாப்பின் மேக் முகவரி (நெட்வொர்க் கார்டின் அடையாள எண்) மட்டும்தான் தெரியும், இன்னொரு மேக் முகவரியிலிருந்து வரும் பாக்கெட்டை அது ஏற்காது. இது அரிச்சுவடி.

தேவனாம்பட்டினம் (11:22)
என் வீட்டில் இரண்டு வருடமாக வைஃபை மேல் பிரிட்ஜ் ஓடுகிறதே சார். விர்ச்சுவல்பாக்ஸ்தான்.

பழைய கர்னல் (11:26)
ஓடாது. கேவிஎம்மில் (லினக்ஸின் விஎம் வசதி) நானே முயன்று பார்த்தவன்.

லாஸ்பேட்டை நிலா (11:39)
இரண்டு பேர் சொல்வதும் அவரவர் இடத்தில் சரி. கேவிஎம்மில் சாதாரண லினக்ஸ் பிரிட்ஜ் போட்டால் சார் சொன்ன காரணத்தால்தான் நின்றுபோகும். விர்ச்சுவல்பாக்ஸ், வெளியே போகும் பாக்கெட்டில் கெஸ்டின் மேக்கை எடுத்துவிட்டு ஹோஸ்டின் மேக்கைப் போட்டு அனுப்புகிறது. அதனால் ரௌட்டர் ஏற்றுக்கொள்கிறது. பிரிட்ஜுக்குத் தனி இழை போட்டுக்கொள்ளலாம், இங்கே அந்தப் பையனைக் கவனிப்போம்.

கெடிலக்கரை, டாங்கிள் காணாமல் போவதற்குச் சற்று முன் திரையில் என்ன நடக்கிறது? ஒன்று விடாமல் எழுதுங்கள்.

கெடிலக்கரை (11:50)
யுஎஸ்பி ஃபில்டரில் (எந்தச் சாதனம் விஎம்முக்குப் போக வேண்டும் என்ற விர்ச்சுவல்பாக்ஸ் பட்டியல்) டாங்கிளைச் சேர்த்தேன். குத்தியதும் உபுண்டுவில் ஒரு சிடி ஐகான் வருகிறது. அது எதற்கு என்று எஜெக்ட் கொடுத்துவிடுவேன். அப்புறம்தான் டாங்கிள் போய்விடுகிறது. விண்டோஸில் டொய்ங் என்று சத்தம் வந்து அங்கே இரண்டாவதாக ஒரு வைஃபை வருகிறது.

லாஸ்பேட்டை நிலா (சனி, 12:08)
அந்தச் சிடி ஐகானில்தான் விஷயமே இருக்கிறது! ரியல்டெக் 8811சியு சிப் என்று நினைக்கிறேன்.

இந்த வகை டாங்கிள் குத்தியவுடன் தன்னை ஒரு சிடி டிரைவ் என்று சொல்லிக்கொள்ளும். விண்டோஸ் டிரைவரை அதற்குள் வைத்திருப்பார்கள். அப்போது அதன் புராடக்ட் ஐடி (சாதன வகையின் எண்) 1ஏ2பி. எஜெக்ட் ஆனதும் சிடி வேடத்தைக் கலைத்துவிட்டு வைஃபை கார்டாக மறுபடி வந்து நிற்கும், அப்போது ஐடி சி811. உங்கள் ஃபில்டர் முதல் ஐடிக்குப் போட்டது. இரண்டாவது ஐடியோடு வரும்போது அது விர்ச்சுவல்பாக்ஸுக்கு முன்பின் தெரியாத சாதனம், அதனால் விண்டோஸ் எடுத்துக்கொள்கிறது.

விஎம்மை நிறுத்திவிட்டு செட்டிங்ஸில் யுஎஸ்பி பகுதிக்குப் போங்கள். கன்ட்ரோலரை 3.0 ஆக்குங்கள். ஏற்கெனவே போட்ட ஃபில்டரைத் திறந்து வெண்டர் ஐடியை (தயாரிப்பாளரின் எண்) மட்டும் வைத்துக்கொண்டு, புராடக்ட் ஐடி, பெயர், சீரியல் நம்பர், ரிவிஷன் எல்லாவற்றையும் காலியாக விடுங்கள். டாங்கிளைப் பிடுங்கிவிட்டு விஎம்மை ஓட்டி, உபுண்டு முழுதாக வந்த பிறகு குத்துங்கள். சிடி வந்தால் எஜெக்ட் கொடுங்கள், இந்த முறை உள்ளேயே நிற்கும். லேப்டாப்பின் புளூடூத்தோ கார்டு ரீடரோ ரியல்டெக் என்றால் அதுவும் விஎம்முக்குள் போய்விடும். அப்படியானால் சி811-க்கு இரண்டாவது ஃபில்டர் தனியாகப் போடுங்கள்.

வைத்திக்குப்பம் (காலை 7:15)
இப்படியும் ஒன்று இருக்கிறதா! இருந்தாலும் போர்ட்டையும் ஒருமுறை துடைத்துவிடு தம்பி.

கெடிலக்கரை (காலை 10:02)
வந்துவிட்டது!! ஃபில்டர்தான். நன்றி அக்கா.

பழைய கர்னல் (10:20)
8811சியு என்றால் கெஸ்டின் கர்னல் 6.2-ஆவது இருக்க வேண்டும். அதற்கு முன் உள்ளதில் இந்த டிரைவர் கர்னலோடு வராது, வெளியிலிருந்து எடுத்துக் கம்பைல் செய்ய வேண்டும். 24.04 வெளிவந்ததே 6.8-ஓடு, அதனால்தான் பையன் தப்பித்தான். டெபியன் 12 வைத்திருப்பவர்கள் கவனிக்கவும், அதில் 6.1.

லாஸ்பேட்டை நிலா (10:31)
இது நல்ல குறிப்பு சார், நான் எழுத மறந்தது. கெடிலக்கரை, மானிட்டர் மோட் (சுற்றி வரும் வைஃபை ஃபிரேம்களையெல்லாம் கேட்கும் நிலை) வந்ததா? பீக்கன் பிடிபட்டதா?

தேவனாம்பட்டினம் (ஞாயிறு, மாலை 6:48)
தம்பி, அக்கா கேட்டதற்குப் பதில் போடு. என் பெண்ணுக்கும் அடுத்த வாரம் இதே லேப்.